நடுத்தண்டு



புத்தாண்டு நள்ளிரவு ஆராதனை முடிந்தவுடன் நாம் ஒவ்வொருவரும் தட்டிலிருந்து ஒரு வாக்குத்தத்த அட்டையை எடுத்துக்கொண்டு வீடு திரும்புகிறோம். அது பீரோவின் கண்ணாடியிலோ, வேதாகமத்தின் முதற்பக்கத்திலோ ஆண்டு முழுவதும் இருக்கிறது. சென்ற ஆண்டு நம்முடைய சபையின் சகோதரி ஒருவருக்கு 67ஆம் சங்கீதத்தின் ஆறாம் வசனம் கிடைத்தது. நிலம் விளைச்சல் கொடுப்பதைப் பற்றிய வசனம் அது. வயலையே நம்பிப் பிழைக்கும் குடும்பத்திற்கு இதைவிட ஏற்ற வசனம் எதுவென்று அன்றிரவு எல்லாரும் மகிழ்ந்தோம். அறுப்புக்குப் பத்து நாள் இருக்கையில் பெய்த மழையில் அவர்களுடைய நெல் முழுவதும் சாய்ந்து, கதிரிலேயே முளைத்துப்போயிற்று. அடுத்த ஞாயிறு அந்த அட்டையைக் கையில் கொண்டுவந்து, "ஐயா, பூமி பலன் தரும் என்று கர்த்தர் எனக்குத்தானே சொன்னார்? பின்னே ஏன் எங்கள் பூமிக்கு மட்டும் தரவில்லை?" என்று கேட்டார்கள்.

அன்று நான் ஜெபித்து அனுப்பினேனேயன்றி, பதில் சொல்லவில்லை. இப்பொழுது அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. வழக்கம்போல் அதே சங்கீதத்தை வாசிக்கப்போகிறோம். ஆகையால் அந்தச் சகோதரிக்குச் சொல்லவேண்டியதை உங்கள் யாவருக்கும் எழுதுகிறேன். அதற்குச் சற்று வரலாறும் சற்று இலக்கணமும் வேண்டியிருக்கிறது, பொறுமையோடே வாசியுங்கள்.

67ஆம் சங்கீதத்துக்கு ஏழு வசனங்கள் உண்டு. எபிரெய மூலத்தில், தலைப்பை நீக்கி, சேலா என்னும் சொல்லையும் சேர்த்து, ஒவ்வொரு வசனத்தின் சொற்களையும் எண்ணிப்பாருங்கள். முதல் வசனத்தில் 7 சொற்கள், இரண்டாவதில் 6, மூன்றாவதில் 6, நான்காவதில் 11, ஐந்தாவதில் 6, ஆறாவதில் 6, ஏழாவதில் 7. ஆக மொத்தம் 49. முதலிலிருந்து எண்ணினாலும் முடிவிலிருந்து எண்ணினாலும் ஒரே வரிசை. யூதர்கள் இதைக் கவனிக்காமல் இருக்கவில்லை. தங்கள் ஜெபப்புத்தகங்களில் இச்சங்கீதத்தை ஆசரிப்புக்கூடாரத்தின் குத்துவிளக்கு வடிவில் எழுதிவைப்பது அவர்களுக்குள் நெடுங்காலமாக உள்ள வழக்கம். ஆறு வசனங்கள் பக்கத்துக்கு மூன்றாய் ஆறு கிளைகளாகப் பிரியும். நான்காம் வசனம் நடுத்தண்டாக நிமிர்ந்து நிற்கும்.

எண்ணிக்கை மட்டுமல்ல, பொருளும் அப்படியே அமைந்திருக்கிறது. முதல் வசனமும் ஏழாம் வசனமும் தேவன் எங்களை ஆசீர்வதிக்கவேண்டும் என்பதைச் சொல்லுகின்றன. இரண்டாவதிலும் ஆறாவதிலும் பூமி வருகிறது: முன்னதில் தேவனுடைய வழி பூமியில் அறியப்படுகிறது, பின்னதில் அதே பூமி விளைச்சல் கொடுக்கிறது. இரண்டிடத்திலும் எபிரெயச் சொல் எரெட்ஸ் என்பதே. மூன்றாம் வசனமும் ஐந்தாம் வசனமும் ஓர் எழுத்தும் மாறாமல் ஒன்றே. எல்லா ஜனங்களும் தேவனைத் துதிக்கும்படியான அழைப்பு அது. இவ்விரண்டு அழைப்புகளுக்கும் நடுவே, சுற்றுமதிலுக்குள் வைத்ததுபோல, நான்காம் வசனம் நிற்கிறது. தேவன் ஜனங்களுக்குச் செம்மையாய் நியாயம் செய்கிறார் என்பதே அதன் செய்தி. 49 சொற்களில் சரிநடுவான 25ஆம் சொல் எதுவென்று நான் விரல்விட்டு எண்ணிப்பார்த்தேன். அது அம்மீம், அதாவது ஜனங்கள். அதற்கு முந்திய சொல், நீர் நியாயம் செய்கிறீர் என்பது.

இவ்விதமான அமைப்பை மேல்நாட்டார் கியாஸ்மஸ் என்கிறார்கள். கிரேக்கத்தில் கீ என்னும் எழுத்து நாம் பெருக்கலுக்கு இடும் குறியைப்போல இரண்டு கோடுகள் குறுக்கே வெட்டிச் செல்லும் வடிவுடையது. அதனால் வந்த பெயர். முதலில் சொன்னதைக் கடைசியிலும், இரண்டாவது சொன்னதைக் கடைசிக்கு முன்னும் திருப்பிச் சொல்லி, நடுவே ஒன்றை நிறுத்துவது இதன் இலக்கணம். பக்கம் புரட்டிப் படிக்காமல் காதால் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்ட மக்களுக்கு இது பெரிய உதவியாய் இருந்திருக்கும். போன வழியே திரும்பி வருகிறவன் வழி தப்பமாட்டான் அல்லவா?

எபிரெயர் எழுதிவைத்ததை ஐரோப்பியர் கண்டுகொள்ள நெடுங்காலம் சென்றது. ஆக்ஸ்போர்டில் ராபர்ட் லௌத் என்பவர் எபிரெயப் பாடல்களைப்பற்றி நிகழ்த்திய விரிவுரைகள் 1753இல் இலத்தீனில் அச்சேறின. ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு சொற்களால் சொல்லும் இணைவரி முறையை அவர் விளக்கினார். 1820இல் ஜான் ஜெப் அதை இன்னும் ஒரு படி கொண்டுசென்று, முதல் வரி கடைசி வரியோடும், அதற்கு உள்ளானவை உள்ளானவற்றோடும் இணைந்து, நடுவை நோக்கி மடங்கும் பாடல்கள் உண்டு என்று காட்டினார். தாமஸ் பாய்ஸ் 1825இல் சங்கீதங்களுக்கே இதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். 1942இல் நில்ஸ் லுண்ட் என்பவர், இப்பாடல்களில் நடுப்பகுதியே திருப்பம் நிகழும் இடம் என்று விதியைப்போலவே வகுத்தார்.

அதற்குப்பின் இது ஒரு மோகமாகவே ஆகிவிட்டது என்பதையும் சொல்லவேண்டும். வேதத்தின் ஒவ்வொரு அதிகாரத்திலும், சிலர் முழுப் புத்தகங்களிலும், கண்ணாடியைக் கண்டுபிடிக்கிறார்கள். தாங்களே தலைப்புகளை எழுதிவைத்துக்கொண்டு, அந்தத் தலைப்புகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதைப் பார்த்து வியக்கிறார்கள். மூலமொழியில் அதே சொல் அதற்குரிய இடத்தில் திரும்ப வந்தால் மாத்திரமே நான் நம்புவேன். 67ஆம் சங்கீதத்திலுங்கூட எல்லாம் அச்சில் வார்த்ததுபோல் இல்லை. ஆசீர்வாதம் என்ற சொல் ஆறாம் வசனத்திலும் வருகிறது, பூமி என்பது நான்கிலும் ஏழிலும் வருகிறது. ஆனால் மூன்றும் ஐந்தும் ஒன்றாயிருப்பதையும், சொற்களின் எண்ணிக்கையையும் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

பிரியமானவர்களே, இது அந்நிய நாட்டுச் சரக்கு என்று எண்ணவேண்டாம். நம்முடைய தமிழ் இலக்கணம் இதை நன்றாய் அறியும். திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் கடைசிக் குறளை, 410ஆம் குறளை, எடுத்துப் பாருங்கள். விலங்கு, மக்கள், கற்றார், மற்றவர் என்று நான்கும் வரிசையாக நிற்கின்றன. வரிசைப்படி பொருள் கொண்டால் கற்றவரை விலங்கென்று சொல்லவேண்டிவரும்! முதலாவதைக் கடைசியோடும், இரண்டாவதை மூன்றாவதோடும் சேர்த்தால்தான் பொருள் விளங்கும். இதற்கு எதிர்நிரல்நிறை என்று பெயர். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பெயர்தான். எபிரெயக் கண்ணாடியும் அதுவே.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், செய்யுளுக்குப் பொருள் கொள்ளும் முறை எட்டு என்கிறது. வில்லின் இரண்டு முனைகளையும் நாண் பூட்டுவதுபோல முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் இணைவது பூட்டுவில். வளைக்குள் நுழையும் பாம்பு தலையைத் திருப்பிக்கொள்வதுபோலக் கடைசிச் சொல் மேல்நோக்கி மடங்கி வருவது அளைமறிபாப்பு. இவ்விரண்டையும்விட எனக்கு நெருக்கமானது தாப்பிசை. தாம்பு என்பது கயிறு; இங்கே ஊஞ்சற்கயிறு. நடுவே தொங்கும் ஊஞ்சல் முன்னும் போய்ப் பின்னும் வருவதைப்போல, நடுவில் நிற்கும் ஒரு சொல் தனக்கு முன்னுள்ளதற்கும் பின்னுள்ளதற்கும் சென்று பொருள் கொடுப்பது. பாட்டின் நடுவைப் பிடித்தால்தான் இரு பக்கமும் அசையும் என்பதை நம்முடைய இலக்கண ஆசிரியர் ஊஞ்சலைப் பார்த்துச் சொன்னார். எபிரெயர் குத்துவிளக்கை வரைந்து சொன்னார்கள்.

அப்படியிருக்க, நம்முடைய தமிழ் வேதாகமத்தில் இது ஏன் நம் கண்ணில் படுவதில்லை?

மொழிபெயர்த்தவர்கள் தமிழ் அறியாதவர்கள் என்று எளிதாய்ச் சொல்லிவிட முடியாது. தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்கு புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த காலத்திலிருந்து, பப்ரிசியுஸின் நீண்ட உழைப்பைக் கடந்து, இன்று நம் கையிலிருக்கும் பழைய திருப்புதலின் அடிப்படையான 1871ஆம் ஆண்டுப் பதிப்பு வரை, அது பல தலைமுறைகளின் வேலை. அந்த 1871ஆம் ஆண்டுப் பதிப்பில் முதன்மையாய் உழைத்தவர் ஹென்றி பவர். சீவக சிந்தாமணியின் முதற்பகுதியாகிய நாமகள் இலம்பகத்தை 1868இல் பதிப்பித்தவர் அவர், உ. வே. சாமிநாதையர் அக்காப்பியம் முழுவதையும் பதிப்பித்தது 1887இல்தான். நன்னூலுக்கு ஆங்கில மொழிபெயர்ப்போடு ஓர் அறிமுக நூலையும் பவர் வெளியிட்டார். எதிர்நிரல்நிறை அவருக்குத் தெரியாத செய்தி அல்ல.

இடையூறு நம்முடைய மொழியின் நடையிலேயே இருக்கிறது. ஆதியாகமம் 9ஆம் அதிகாரம் ஆறாம் வசனத்தில், மனிதனைக் கொல்லாதிருக்கும்படி நோவாவுக்குக் கொடுத்த கட்டளை எபிரெயத்தில் ஆறே சொற்களால் ஆனது. அவற்றின் வரிசை: சிந்துதல், இரத்தம், மனிதன், மனிதன், இரத்தம், சிந்துதல். செய்த குற்றம் செய்தவனிடத்துக்கே திரும்பி வருவதைச் சொற்களின் வரிசையே காட்டுகிறது. தமிழிலோ வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வந்து நிற்கவேண்டும். ஆகவே நம்முடைய வேதாகமத்தில் இரண்டு பாதியிலும் சிந்துதல் கடைசிக்குப் போய்விட்டது. பொருள் குறையவில்லை, கண்ணாடி மட்டும் உடைந்துபோயிற்று.

67ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்துக்கும் அதுவே நேர்ந்தது. எபிரெயத்தில் ஜனங்களின் களிப்பு முதலில் வருகிறது. ஏனெனில் என்று சொல்லி நியாயம் அதன்பின் வருகிறது. தமிழில் காரணம் முன்னும் காரியம் பின்னும் செல்வது இயல்பாதலால் வரிசை மாறி, களிப்பு கடைசிக்குச் சென்றது. இன்னொன்று, நியாயத்தைக் குறித்து அங்கே வரும் எபிரெயச் சொல் மீஷோர். மேடு பள்ளமில்லாத சமநிலம் என்பது அதன் நேர்ப்பொருள். நம்முடைய வேதாகமம் அதற்கு நிதானம் என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. அக்காலத் தமிழில் அது அளவும் நேர்மையும் தவறாத தன்மையைக் குறித்த நல்ல சொல். இன்றைக்கோ நிதானம் என்றால் அவசரமில்லாமை என்றே நம் காதில் விழுகிறது. நியாயத்துக்காகக் காத்திருக்கிற ஏழைக்கு, தேவன் மெதுவாய் நியாயந்தீர்ப்பார் என்று வாசித்துக் காட்டினால் எப்படியிருக்கும்! அவ்வாறே அச்சங்கீதத்தில் ஜாதிகள் என்று வருவது உலகத்தின் தேசத்தாரைக் குறிக்கும். ஆனால் நம் ஊரில் அச்சொல்லைக் கேட்டவுடன் மனம் வேறிடத்துக்குப் போகிறது. அப்படிப் போவதும் ஒருவகையில் நல்லதற்கே என்று சில வேளைகளில் நினைக்கிறேன். எல்லா ஜாதிகளுக்கும் சமமான நியாயம் என்பதைப் பண்ணைப்புரத்தில் சத்தமாய் வாசிப்பதற்குத் தனி அர்த்தம் உண்டு.

ஆறாம் வசனத்திலுள்ள மாற்றமே அந்தச் சகோதரியைப் புண்படுத்தியது. அங்குள்ள எபிரெய வினைச்சொல் முடிந்த செயலைக் குறிக்கும் வடிவத்தில் இருக்கிறது. பூமி தந்தது, தந்தாயிற்று என்பதே அதன் இயல்பான பொருள். களத்தில் நெல் குவிந்தபின்பு, அதைப் பார்த்துப் பாடுகிற நன்றி அது. தமிழில் அது எதிர்காலமாயிற்று. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் அப்படியே. அறுத்து முடித்தவர்களின் சாட்சி, அறுக்கப்போகிறவர்களுக்கு உறுதிமொழியாய் மாறிப்போயிற்று. பிறகு அதை மற்ற ஆறு வசனங்களிலிருந்தும் பிரித்து, அட்டையில் அச்சிட்டு, தட்டில் வைத்துக் கொடுத்தோம். குத்துவிளக்கின் ஒரு கிளையை மாத்திரம் ஒடித்துக் கையில் கொடுப்பதைப்போன்றது அது. இதில் அச்சிட்டவர்களைவிட, விளக்காமல் கொடுத்த என்னுடைய குற்றமே அதிகம்.

எங்களை என்னும் சொல் இந்தப் பாட்டின் ஓரங்களிலேயே இருக்கிறது. நடுவை நெருங்க நெருங்க அது மறைந்து, ஜனங்கள், ஜனங்கள் எல்லாரும் என்றாகிறது. என் வயலுக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்வியை இப்பாட்டு கடிந்துகொள்ளவில்லை. முதல் வசனத்திலேயே ஆசீர்வாதத்தைக் கேட்டுத்தான் தொடங்குகிறது. ஆரோன் ஜனங்களை ஆசீர்வதிக்கும்படி எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் கொடுக்கப்பட்ட சொற்களையே அது கையாளுகிறது. ஆனால் அந்த ஆசீர்வாதத்தை நடுவிலிருக்கும் நியாயத்தோடு கட்டிவைக்கிறது. விளைச்சலும் நியாயமும் ஒரே பாட்டில் ஏன்? 49 என்ற எண்ணை மீண்டும் பாருங்கள். லேவியராகமம் 23ஆம் அதிகாரத்தின்படி, முதற்கதிர்க்கட்டை அசைவாட்டும் நாள் தொடங்கி ஏழு வாரங்கள், 49 நாட்கள் எண்ணி, மறுநாளில் அறுப்பின் பண்டிகையை ஆசரிக்கவேண்டும். அந்த 49 நாட்களிலும் இந்தச் சங்கீதத்தைச் சொல்லும் வழக்கம் யூதரிடையே இன்றும் உண்டு. அப்பண்டிகையின் சட்டம் முடிந்தவுடனே, 22ஆம் வசனத்தில், வயலின் ஓரத்தை முழுவதும் அறுக்காமலும், சிந்தின கதிரைப் பொறுக்காமலும், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடவேண்டும் என்ற கட்டளை இருக்கிறது. ரூத் போவாசின் வயலுக்கு வந்தது அந்த உரிமையினால்தான்.

நம்முடைய பள்ளத்தாக்கில் இதை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. 1895இல் பெரியாறு அணை கட்டி முடிந்தபின், தண்ணீர் பாயும் பக்கம் இரண்டு போகம் விளைகிறது. சற்று மேட்டில் இருப்பவன் மானாவாரியாய் வானத்தைப் பார்க்கிறான். விடியுமுன் ஜீப்பில் நெருக்கி ஏறி, மலைக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற நம் சபையின் தாய்மாருக்குச் சொந்த வயலே இல்லை. ஆறாம் வசனத்தை அட்டையில் அவர்களுக்குக் கொடுத்தால் எந்தப் பூமியின் பலனை எதிர்பார்ப்பார்கள்? நான்காம் வசனத்தைக் கொடுத்தால் கேட்பதற்கு அவர்களுக்கு ஒரு காரியம் இருக்கிறது. மேடும் பள்ளமும் சமமாகும் மீஷோர் அது.

பண்ணைப்புரம் என்றால் உலகம் அறிவது 1943இல் இங்கே பிறந்த இளையராஜா அவர்களைத்தான். 1986இல் அவர் வெளியிட்ட ஹௌ டு நேம் இட் என்ற இசைத்தொகுப்பு தியாகராஜருக்கும், ஜெர்மனியின் பாக் என்பவருக்கும் செலுத்திய வணக்கம். அந்த பாக் தமது கடைசி ஆண்டுகளில் பி மைனர் மிஸ்ஸா என்ற பேரிசையை முடித்தபோது, விசுவாசப் பிரமாணத்தை ஒன்பது பகுதிகளாக அமைத்தார். முதலில் அதில் எட்டுப் பகுதிகளே இருந்தன. தேவகுமாரன் மனிதனாய்ப் பிறந்ததைப் பாடும் பகுதியைத் தனித்தாளில் எழுதி இடையே சேர்த்தார். அதனால் சிலுவையில் அறையப்பட்டார் என்னும் பகுதி ஐந்தாவதாகி, சரிநடுவில் வந்து நின்றது. முன்னே நான்கு, பின்னே நான்கு. நம்முடைய கீர்த்தனைகளில் கருத்து பல்லவியிலேயே வந்துவிடும். பிரசங்கங்களிலோ கடைசியில் வரும். நடுவில் வைப்பதை வேதத்திலிருந்தும் இப்படிப்பட்டவர்களிடமிருந்தும் நாம் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கிறது.

அந்தச் சகோதரியை இந்த வாரம் போய்ப் பார்த்தேன். இவ்வளவையும் சொல்லவில்லை, ஆறாம் வசனம் அறுத்து முடித்தவர்கள் பாடியது என்பதையும், நான்காம் வசனத்தையும் மாத்திரம் வாசித்துக் காட்டினேன். "அப்படியானால் கர்த்தர் எனக்குப் பொய் சொல்லவில்லை, ஐயா" என்றார்கள். சற்றுப் பொறுத்து, "ஆனால் நெல் போனது போனதுதானே" என்றும் சொன்னார்கள். ஆம் என்றேன்.

அறுப்பின் பண்டிகையன்று 67ஆம் சங்கீதத்தை இவ்வாறு வாசிப்போம். முதல் மூன்று வசனங்களை வலப்பக்கத்தில் இருப்பவர்கள் உட்கார்ந்தபடி வாசிக்கவும். நான்காம் வசனத்துக்குச் சபையார் யாவரும் எழுந்து நின்று ஒருமித்து வாசிக்கவும். பின்பு உட்கார்ந்து, கடைசி மூன்று வசனங்களை இடப்பக்கத்தில் இருப்பவர்கள் வாசிக்கவும். காணிக்கைப் பொருட்களில் ஒரு பங்கை ஏலம் விடாமல் பீடத்தருகே தனியாய் வைப்போம். இந்த ஆண்டு விளைச்சலை இழந்த வீட்டார் ஆராதனை முடிந்தபின், யாரையும் கேட்காமல், எடுத்துச் செல்லலாம்.